சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து

பஸ் ஓட்டத் தொடங்கிய மூன்றாம் வருஷம் எனக்கு வயிற்றுவலி வந்தது. கம்பத்திலிருந்து குமுளிக்கு மலை ஏறி இறங்கும் பஸ் அது. காலை ஏழு மணிக்கு ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை. ஷெட்டுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்து நானும் என் மனைவி பொன்னுத்தாயும் குடியிருந்தோம். அவள் தம்பி முத்தையா அதே பஸ்ஸில் கண்டக்டர். முதலாளியிடம் சொல்லி அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டவன் நான்தான்.

பசிக்கும்போது வலிக்கும். இரண்டு வாய் சோறு உள்ளே போனால் அடங்கும். சோடா உப்பைக் கரைத்துக் குடித்துக் காலத்தைத் தள்ளினேன். பிறகு சோறும் தங்கவில்லை. நேற்று மத்தியானம் சாப்பிட்டது இன்று சாயங்காலம் புளித்த நாற்றத்தோடு வாந்தியில் வரும். ஒரு வருஷத்தில் சட்டை தோளில் தொங்குகிற மாதிரி ஆகிவிட்டேன். மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர்ச் சீமையில், ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து சரி செய்கிறார்கள் என்று குமுளியில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் சொன்னார்கள். யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் இருக்கும்போது அங்கே போனோம்.

முதலில் மூன்று நாள் காத்திருப்பு. ஆஸ்பத்திரி வாசலில் நீளமான ஓட்டுக் கொட்டகை. என்னைப் போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களே நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். நாலாம் நாள் மூக்கு வழியாக மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை வயிற்றுக்குள் இறக்கினார்கள். கஞ்சித் தெளிவைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, கால் மணிக்கு ஒரு தடவை அந்தக் குழாய் வழியாக வயிற்று நீரை உறிஞ்சி எடுத்துச் சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்தார்கள். புளிப்பு எவ்வளவு சுரக்கிறது என்று அளப்பதற்காம். மறுநாள் சுண்ணாம்புபோல ஒரு வெள்ளைக் கரைசலைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்குகிற இடத்தில் புண் வந்து, ஆறி, மறுபடி வந்து, தழும்பேறி, வழி அடைத்துப்போய்விட்டது என்றார் டாக்டர். அந்த அடைப்பை விட்டுவிட்டு, இரைப்பையில் புதிதாக ஓர் ஓட்டை போட்டு, அதில் குடலின் கீழ்மடக்கைக் கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். சோறு பழைய வழியில் போகாமல் புது வழியில் நேராகக் குடலுக்குள் இறங்கிவிடும்.

மயக்க மருந்தின் நெடி மட்டும் நினைவிருக்கிறது. விழித்தபோது தொண்டை காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் சொட்டுத் தண்ணீர் தரவில்லை. தொடைத் தோலுக்கு அடியில் ஊசியைக் குத்தி உப்புநீர் ஏற்றினார்கள். தொடை பூசணிக்காய்போல வீங்கி வலித்தது. மலையாளத்து நர்ஸ் ஒருத்தி வந்து, "பேடிக்கண்டா, பேடிக்கண்டா" என்று, பயப்படாதே என்பதை அவள் பாஷையில் சொல்லி, நெற்றியைத் தொட்டுவிட்டுப் போவாள். பொன்னுத்தாய் ஆஸ்பத்திரிச் சமையல் கொட்டகையில் அடுப்புப் பிடித்துக் கஞ்சி காய்ச்சினாள். புகையில் கண் சிவந்து வருவாள். தையல் பிரித்த பன்னிரண்டாம் நாள் குழைந்த சோறும் மோரும் சாப்பிட்டேன். வலிக்கவில்லை, வாந்தி வரவில்லை. அவள் தட்டைக் கழுவக் கொண்டுபோகாமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது, "நல்லா சாப்பிட்டு உடம்பைத் தேற்று" என்று சொல்லி அனுப்பினார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஆபரேஷன் ஆனவர்கள் எதை, எவ்வளவு, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதை எழுதவேண்டிய தேவையே இருந்திருக்காது.

இரண்டு மாதம் கழித்து முதல் தடவை வந்தது. காலையில் வயிறு நிறையப் பச்சரிசிக் கஞ்சி குடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். திடீரென்று உள்ளங்கை வேர்த்தது. அப்புறம் உடம்பெல்லாம் வேர்வை. நெஞ்சு அடித்துக்கொண்டது, விரல்கள் ஆடின. அப்போதுதான் சாப்பிட்டவனுக்கு அகோரப் பசி எடுத்தது. பொன்னுத்தாயைக் கூப்பிட வாயைத் திறந்தால் வேறு ஏதோ வார்த்தை வருகிறது. அவள் ஓடிவந்து கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து ஊட்டினாள். பத்து நிமிஷத்தில் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்தேன்.

கருப்பட்டிதான் மருந்து என்று இருவரும் முடிவு செய்தோம். அதில் தப்பு என்ன இருக்கிறது? கண்ணெதிரே பலித்ததே. ஆனால் அது பலித்த இரண்டு மணி நேரத்தில் மறுபடி வரும். மறுபடி கருப்பட்டி. பிறகு அவள், இது வரவே கூடாது என்று, காலைக் கஞ்சியிலேயே கருப்பட்டியைத் தட்டிப்போட ஆரம்பித்தாள். நாளுக்கு நாள் துண்டு பெரிதானது. என் அக்கா செல்லம்மா அனுமந்தன்பட்டியிலிருந்து வரும்போதெல்லாம் வெல்லப் பணியாரமும் பொரிவிளங்காய் உருண்டையும் கொண்டுவருவாள். முத்தையா குமுளியில் வைத்தியசாலை ஒன்றிலிருந்து பலத்துக்கு என்று அரிஷ்டம் வாங்கிவந்தான். தேனாக இனிக்கும். புளித்த மருந்தல்லவா, குடித்தால் வாயில் சாராயம்போல லேசாக ஒரு வாசம் அடிக்கும். இப்படி ஆளுக்கு ஆள் என்மேல் வைத்த பிரியமெல்லாம் இனிப்பாகவே என் வயிற்றுக்குள் போனது.

ஒரு தடவை பழைய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். ஆபரேஷன் நன்றாகத்தான் இருக்கிறது, இது நரம்புத் தளர்ச்சி என்று ஒரு புட்டி மிக்ஸ்சர் கொடுத்தார்கள். நானும் வேலைக்குத் திரும்பினேன்.

அன்றைக்கு நடந்ததில் பாதிதான் எனக்கு நேரடியாகத் தெரியும். மீதியைக் கோர்ட்டில் சாட்சிகள் சொல்லிக் கேட்டேன்.

காலை ஆறு மணிக்குக் கஞ்சி குடித்து, அரிஷ்டமும் குடித்துவிட்டுப் போனேன். பஸ் நிறைய ஆட்கள். பாதி மலையில் ஊற்றுத் தண்ணீர் விழுகிற ஒரு திருப்பத்தில் எப்போதும் நிறுத்துவோம். சூடேறிய ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பஸ் பின்னால் உருளாமல் இருக்க முத்தையா பின்சக்கரத்துக்கு மரக்கட்டை வைப்பான். நான் கியரைப் போட்டு எஞ்சினைப் பிடித்துக்கொண்ட பிறகு கட்டையை எடுத்துவிட்டு "ரைட்" என்பான். அந்தத் திருப்பத்தை ஆயிரம் தடவையாவது இப்படிக் கடந்திருப்போம்.

தண்ணீர் ஊற்றிவிட்டு என் பக்கமாக வந்தவன் என் முகத்தைப் பார்த்தான்.

"மச்சான், என்ன இப்படி வேர்த்து ஊத்துது? எறங்கிச் செத்த ஒக்காருங்க."

ஒன்றுமில்லை என்று சொன்னதாக நினைவு. என்ன சொன்னேனோ. அவன் பின்பக்கம் போனான். நான் வழக்கம்போலக் கியரைப் போட்டிருப்பேன் என்று கட்டையை எடுத்திருக்கிறான். எனக்கு முன்னால் ஸ்டியரிங் இருந்தது. வட்டமாக இருந்தது. அது எதற்கு என்று தெரியவில்லை. கை தானாகப் போய் பிரேக்கை விடுவித்திருக்கிறது. கியர் போடவில்லை. பஸ் பின்னால் போனது. பின்னால் பாறை.

ஆட்கள் கத்திக்கொண்டு குதித்து இறங்கி, என்னை இழுத்துப் போட்டார்கள். நான் சிரித்தேனாம். மூன்று சாட்சிகள் அதைச் சொன்னார்கள். என்னைத் தெளிய வைக்க யாரோ சர்க்கரை நிறையப் போட்ட டீயை வாயில் ஊற்றினார்கள். தெளிந்தேன். தெளிந்ததும் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு வேட்டியை விரித்து மூடியிருந்ததைப் பார்த்து, யாருக்கு அடிபட்டது என்று கேட்டேன்.

சீட்டுக்கு அடியில் அரிஷ்டப் புட்டி இருந்தது. வாயில் வாசம் இருந்தது. உளறினேன், தள்ளாடினேன், சிரித்தேன். மருந்துதான் குடித்தேன் என்றால், மருந்து குடித்தவன் ஏன் உளறினாய் என்று கேட்டார்கள். பொன்னுத்தாயைப் போலீசார் கேட்டபோது அவள் உள்ளதைச் சொன்னாள்: வீட்டிலும் நாலைந்து தடவை இப்படி வேர்த்து உளறியிருக்கிறார். அரிஷ்டம் வந்த பிறகு அதிகம். அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் சொல்லச் சொல்ல, நான் குடித்துத்தான் உளறினேன் என்று அவளுக்கே புரிந்துபோன மாதிரி இருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையோடு தம்பியின் காரியத்துக்கு வடுகபட்டிக்குத் தாய்வீடு போனவள் திரும்பி வரவில்லை.

ஒரு வருஷம் ஜெயில். குடித்துவிட்டு மச்சினனைக் கொன்றவன் என்று பெயர்.

ஜெயிலில் நடந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கசப்பானது. உள்ளே போனதிலிருந்து அந்த வேர்வையும் நடுக்கமும் நின்றுபோயின. அங்கே கேழ்வரகுக் களியும் கீரைக்குழம்பும்தான். இனிப்பைக் கண்ணால் காண முடியாது. என் வயிறு ஒரே வேளையில் முழு உருண்டையைத் தாங்காது. பாதியைத் தின்றுவிட்டுப் பாதியைத் துணியில் சுற்றிவைத்து அப்புறம் தின்பேன். எதனால் நின்றது என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் வார்டருக்குத் தெரிந்திருந்தது.

"குடிக்காம இருந்தா எப்படி இருக்க பாத்தியாலே" என்பார். நல்ல மனிதர்தான். ஆறு மாதம் கேட்டபிறகு, ஒருவேளை நான் குடிகாரன்தானோ, எனக்குத் தெரியாமல் குடித்தேனோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. அந்த அரிஷ்டத்தில் இரண்டு கரண்டி எப்படி ஒரு மனிதனைச் சாய்க்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பேன். எந்தக் கணக்கும் சரியாக வராது.

விடுதலையான அன்று அக்கா செல்லம்மா வந்து அனுமந்தன்பட்டிக்கு அழைத்துப்போனாள். மறுநாள் காலை பாயசம் வைத்தாள். ஒரு வருஷமாகக் களி தின்றவன் என்று டம்ளர் டம்ளராக ஊற்றினாள். இரண்டு மணி நேரம் கழித்து அவள் வீட்டு வாசலிலேயே விழுந்தேன். இந்தத் தடவை கைகால் இழுத்துக்கொண்டது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டு, வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அக்கா மட்டும் விடிந்ததிலிருந்து என் பக்கத்திலேயே இருந்தவள். நான் எதையும் குடிக்கவில்லை என்று உலகத்தில் அறிந்த ஒரே ஆள் அவள்தான். மூர்ச்சை தெளிந்ததும் அன்றைக்கே வண்டியைப் பிடித்துத் தேனிக்கும், அங்கிருந்து மதுரைக்கும் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்துவிட்டாள்.

அங்கே முதல் ஆறு நாள் காக்காய்வலிப்பு என்று வைத்தியம் நடந்தது. வாசலில் ஒரு கூடத்தில் காத்திருப்பது, மறுபடி படுக்கை, மறுபடி கூடம். தலையைத் தட்டினார்கள், முழங்காலைத் தட்டினார்கள், கண்ணுக்குள் விளக்கடித்தார்கள். ஆஸ்பத்திரிச் சோற்றில் எதுவும் வரவில்லை. வராததால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள் என்று அக்கா பயந்துகொண்டிருந்தாள்.

என் பக்கத்துக் கட்டிலில் தேனிக் கடைவீதிக்காரர் ஒருவர் இருந்தார், பருத்தி வியாபாரி. நீரிழிவு முற்றிக் காலில் புண். ரத்தத்தில் சர்க்கரை கூடிவிடும் வியாதி அது. அதைக் குறைக்க வேளைக்கு வேளை இன்சுலின் என்ற மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். நமக்கெல்லாம் வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்ற உறுப்பு அந்த இன்சுலினைத் தானே சுரக்கிறதாம். அவருக்கு அது சுரப்பதை நிறுத்திவிட்டது.

ஏழாம் நாள் மத்தியானம் ஊசி போட்டபிறகு அவருக்குச் சாப்பாடு வரத் தாமதமாகியது. கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றி வேர்த்தது. விரல் ஆடியது. என்னைப் பார்த்து, "மூட்டைய எறக்கியாச்சா?" என்று கேட்டார். நான் எந்த மூட்டை என்று கேட்டேன். அவர் சிரித்தார். வாய் கோணிய, காரணமில்லாத சிரிப்பு. பாறைத் திருப்பத்தில் அந்த மூன்று சாட்சிகள் பார்த்தது இதைத்தான். நர்ஸ் ஓடிவந்தாள், டாக்டர் வந்தார், குளுக்கோஸ் கொடுத்தார்கள், பத்து நிமிஷத்தில் அவர் தெளிந்தார். அவரை யாரும் குடிகாரர் என்று சொல்லவில்லை.

அக்கா டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, எந் தம்பிக்கு வர்றது இதேதான்யா. இதேமாதிரி வேர்க்கும், இதேமாதிரி ஒளறுவான், இனிப்புக் குடுத்தா எந்திரிச்சிருவான். குடிச்சிட்டான்னு ஜெயில்ல போட்டுட்டாக. அவன் ஊசியும் போடல, குடிக்கவும் இல்ல. என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் வயதில் சின்னவர். என் சட்டையைத் தூக்கி வயிற்றுத் தழும்பைப் பார்த்தார். எப்போது வரும் என்று கேட்டார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து என்றேன். என்ன சாப்பிட்டால் என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மறுநாள் வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்தார். அரை மணிக்கு ஒரு தடவை கையில் ரத்தம் எடுத்தார்கள். முதல் அரை மணியில் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று ஏறியிருந்தது. இரண்டாம் மணியில் கிணற்றுக்குள் விழுந்த வாளிபோல இறங்கியிருந்தது. நான் வேர்த்து நடுங்கினேன். அக்கா எதையாவது கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தி, அந்த நிமிஷத்து ரத்தத்தை எடுத்துவிட்டுத்தான் என்னைத் தெளிய வைத்தார்.

மூன்று நாள் கழித்து இன்னொரு சோதனை. இந்தத் தடவை குளுக்கோஸை வாயில் தரவில்லை. நேராக ரத்தக்குழாயில் ஊசியால் ஏற்றினார். முந்தியதைவிடச் சர்க்கரை உயரமாக ஏறியது. அப்படியென்றால் முந்தியதைவிட ஆழமாக விழவேண்டும் அல்லவா? விழவில்லை. மெதுவாக, ஒழுங்காக இறங்கியது. எனக்கு வேர்க்கவும் இல்லை. டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

இரைப்பையின் அடியில் மதகு மாதிரி ஒரு வாசல் இருக்கிறது. சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது குடலுக்குள் விடும். எனக்குப் போட்ட புது வழியில் மதகு இல்லை. அதனால் குடித்த கஞ்சி அவ்வளவும் ஒரே அடியாய்க் குடலில் கொட்டுகிறது. இனிப்பாக, தண்ணீராக இருந்தால் இன்னும் வேகம். சர்க்கரை ரத்தத்தில் திடுதிப்பென்று ஏறுகிறது. கணையம் அதைப் பார்த்து இன்சுலினை அளவுக்கு மீறிக் கொட்டிவிடுகிறது. சாப்பாடு தீர்ந்த பிறகும் இன்சுலின் தீர்வதில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு ஊசியில் வந்தது எனக்கு என் உடம்புக்குள்ளிருந்தே வந்தது.

"ஊசியில ஏத்தினப்போ ஏன்யா வரல?" என்று கேட்டேன்.

அதுதான் தன்னையும் தூங்கவிடவில்லை என்றார். ரத்தத்தில் ஏறிய சர்க்கரையைப் பார்த்து மட்டும் கணையம் வேலை செய்தால் ஊசியிலும் வந்திருக்க வேண்டும். வாய் வழியாகப் போனபோதுதான் வந்தது. அப்படியானால் சாப்பாடு தன்னைத் தொடுவதைக் குடலே அறிந்து, ஏதோ ஒரு பொருளை ரத்தத்தில் விட்டு, சர்க்கரை வருகிறது என்று கணையத்துக்கு முன்கூட்டிச் சேதி அனுப்புகிறது. இப்படி உடம்பின் ஓரிடத்தில் ஊறி, ரத்தத்தில் போய், வேறோரிடத்தை வேலை வாங்கும் பொருளுக்கு ஹார்மோன் என்று பெயராம். நல்ல உடம்பில் இந்தச் சேதிதான் சாப்பிட்ட சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கிறது. என் குடலோ ஒரே அடியாய்க் கொட்டும் சோற்றைக் கண்டு ஓங்கிக் கத்துகிறது.

"நிச்சயமாவா?" என்றேன்.

"நிச்சயம்னு சொல்ல முடியாது. அப்படி ஒண்ணு இருக்குன்னு சீமையில சிலர் பேர்கூட வெச்சாங்க. நாய்க்குக் குடுத்துப் பாத்தோம், ஒண்ணும் இல்லைன்னு வேற சிலர் சொல்லிட்டாங்க. இப்ப யாரும் அதைத் தேடறதில்ல. எனக்கு என்னவோ இருக்குன்னுதான் தோணுது."

அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. மறுநாள் வேறு இரண்டு டாக்டர்களைக் கூட்டிவந்து என்னைக் காட்டினார். அவர்கள் கோட்டுப் படம் போட்ட காகிதத்தைப் பார்த்து இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். நல்ல டாக்டர், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் இரண்டாம் மணிக்கு நேராகக் கோடு விழுந்திருந்த இடம் எனக்கு முத்தையா செத்த இடமாகத் தெரிந்தது. அதை அவர்கள் விரலால் தொட்டுத் தொட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறு ஆபரேஷன் வேண்டாம் என்றார். ஒரு நாளைக்கு ஆறு வேளை, கையளவு. இனிப்பு கூடாது, கஞ்சி கூடாது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல், தனியாகக் குடிக்க வேண்டும். முட்டை, கறி, பருப்பு, களி சாப்பிடலாம். சாப்பிட்டதும் அரை மணி படுத்துக்கொள்ள வேண்டும். வந்துவிட்டால் மட்டும் கொஞ்சம் இனிப்பு. தெளிந்ததும் இனிப்பில்லாத ஏதாவது. என்னைப்போல ஆபரேஷன் ஆகி வீடு திரும்பி, சாப்பிட்ட இரண்டாம் மணியில் வேர்த்து நடுங்குகிறவர் யாராவது இதைப் படித்தால், இந்தப் பத்தியை மட்டும் படித்தால் போதும். எனக்கு மருந்து என்று இதைத் தவிர வேறொன்றும் தரவில்லை. இத்தனை சின்ன விஷயம் அது.

டாக்டர் இங்கிலீஷில் ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். அதை வக்கீலிடம் காட்டினேன். அனுபவித்துத் தீர்த்த தண்டனையை இனி என்ன செய்வது என்றார். முதலாளியிடம் காட்டினேன். அவர் முழுவதும் படித்துவிட்டு, "நான் நம்புறேன்பா. ஆனா பஸ்ஸுல ஏறுறவுக நம்பணுமே" என்றார். மறுபடி ஓட்டவேண்டும் என்று நானும் கேட்கவில்லை. மலையில் கண்ணிருட்டும் ஒருவன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. எனக்கு வேண்டியது அது இல்லை. ஒரே ஒரு ஆள் அந்தக் காகிதத்தை நம்பவேண்டும்.

வடுகபட்டிக்குப் போனேன். என்னைக் கண்டதும் மாமியார் வீட்டுக்குள்ளிருந்தே சத்தம் போட ஆரம்பித்தார். பிள்ளையைத் தின்றவன், குடிகாரன், எந்த முகத்தோடு வந்தான் என்று. பொன்னுத்தாய் வீட்டுக்குப் பின்னால் பூண்டுக் கொட்டகையில் காய்ந்த பூண்டுத் தாளை நறுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். எழுந்திருக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

நான் நின்றுகொண்டே காகிதத்தைப் பிரித்துத் தமிழில் சொன்னேன். புது வழி, மதகு, குடலின் சேதி, கணையம், சர்க்கரை ஏறி விழுவது என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருஷமாகச் சொல்லத் தெரியாமல் தவித்தது அல்லவா, வார்த்தை கொட்டியது. நான் குடிக்கவில்லை பொன்னுத்தாய், அன்றைக்கு நான் குடிக்கவில்லை என்று முடித்தேன். அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்து நின்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எந்தச் சக்கரை மாமா ஏறி எறங்குனது?"

"சாப்பிட்டதுதான். இனிப்பா எது போனாலும்..."

சொல்லும்போதே புரிந்துவிட்டது. ஆனால் வாய் நிற்பதற்குள் நேரம் கடந்துவிட்டது.

"அன்னிக்குக் கஞ்சியில ரெண்டு துண்டு சேத்துப் போட்டேன்" என்றாள். "மலைக்குப் போறாகளே, வழியில வந்துறக்கூடாதேன்னு."

நான் அரிஷ்டமும் இனிப்புதான் என்றேன். அக்காவின் பணியாரம் என்றேன். கருப்பட்டி போடாமல் வெறும் கஞ்சியாக இருந்தாலும் வந்திருக்கும், டாக்டரே சொன்னார் என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. அவள் எதையும் காதில் வாங்கவில்லை. உள்ளே மாமியார் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முகத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"எங்க ஆத்தாகிட்ட மட்டும் இதச் சொல்லாதீக மாமா. ஒத்தப் பிள்ளையப் பறிகுடுத்தவ. யாரையாச்சும் திட்டுனாத்தான் அவளுக்குச் சோறு எறங்குது. அவ ஒங்களையே திட்டிக்கிட்டு இருக்கட்டும். என்னத் திட்டுனா நான் எங்கன போவேன்?"

பெயரைத் துடைத்துக்கொள்ளப் போனவன் நான். சரி என்று சொல்லிவிட்டு, காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வாசல் வழியாக, திட்டு வாங்கிக்கொண்டே வெளியே வந்தேன்.

அடுத்த மாதம் பொன்னுத்தாய் என்னோடு வந்துவிட்டாள். பஸ் ஷெட்டிலேயே முதலாளி கொடுத்த வேலையில் இருக்கிறேன். எஞ்சினைக் கழற்றுவேன், மாட்டுவேன், ஓட்டமாட்டேன். நாளைக்கு ஆறு வேளை, கையளவு, அவள் நேரம் தவறாமல் வைக்கிறாள். வீட்டில் பொங்கலுக்குக்கூட இனிப்பு இல்லை. வேர்வையும் நடுக்கமும் இப்போது வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான். தட்டை வைக்கும்போது ஒவ்வொரு வேளையும், இதைத் தின்னலாமா என்று கேட்பாள். தின்னலாம் என்று நான் சொன்ன பிறகுதான் கையை எடுப்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு வேளைகூடக் கேட்காமல் வைத்ததில்லை. நான் அன்றைக்கு அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கவேண்டாம் என்று சில நாள் தோன்றும். போகாமலும் இருந்திருக்க முடியாது என்று சில நாள் தோன்றும்.

மாமியார் போன தை மாதம் காலமானார். கடைசிப் பத்து நாள் நாங்கள் வடுகபட்டியில்தான் இருந்தோம். கண் மங்கியிருந்தாலும் என் காலடிச் சத்தம் அவருக்குத் தெரிந்துவிடும். அந்தக் குடிகாரப் பயலை வெளியே போகச் சொல் என்பார். நான் போய்விடுவேன். என் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட அவர் வாங்கிக் குடிக்கவில்லை. பொன்னுத்தாய்தான் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். என் மகளைப் போல யார் உண்டு என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் தலையைக் குனிந்துகொண்டு ஊட்டிக்கொண்டே இருந்தாள்.